உடும்புக்கு ஒரு பாராட்டு விழா

ஒரு காட்டில் யாருக்காவது வயிறு வலித்தால், மருந்துக்கு ஓடுவதற்கு முன்னால் உடும்பிடம் ஓடுவார்கள். உடும்பு வைத்தியம் பார்க்காது. கேள்விதான் கேட்கும்.

"எப்ப வலிக்க ஆரம்பிச்சுது? அதுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டே? எங்க தண்ணி குடிச்சே? கூட யார் யார் இருந்தாங்க?"

வலியில் துடிப்பவரிடம் இப்படிக் கேட்டால் எரிச்சல் வராதா, குழந்தைகளே? வந்தது. சிலர் கடிக்கவும் வந்தார்கள். ஆனால் உடும்பு பிடித்தால் விடுமா? கேட்டுக் கேட்டு, நோய் எங்கே கிளம்பியது, எந்த வழியாகப் பரவியது என்று கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்த சந்தோஷத்தில் வாலைத் தரையில் பட்பட்டென்று அடித்துக்கொண்டு ஓடும். அந்தச் சத்தம் கேட்டாலே காடு காதைத் தீட்டிக்கொள்ளும்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. நடுக்காட்டில் ஒரு தட்டைப் பாறை. புதிதாக எதையாவது கண்டுபிடித்தவர் அதன்மேல் ஏறி நின்று எல்லோருக்கும் சொல்ல வேண்டும். பிறகு யார் அந்தச் சொல்லை எடுத்துப் பேசினாலும், "இது இன்னார் சொன்னது" என்று சொல்லிவிட்டு, அந்தச் சொல்லுக்கென்று பாறையடியில் ஒரு கூழாங்கல் வைக்க வேண்டும். இப்படி ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு குவியல் வளரும்.

சபையில் வழக்கு வந்தால் கரடியார் எழுந்து போய்க் குவியல்களைப் பார்ப்பார். எது உயரமோ அதுவே சரி. கரடியார்தான் அந்தக் காட்டுக்குத் தலைவர். தங்கமான மனசு. ஆனால் யோசிக்க உட்கார்ந்தால் அவருக்குத் தூக்கம் வந்துவிடும். கல்லைப் பார்ப்பது அவருக்குச் சௌகரியமாக இருந்தது.

உடும்பு அந்தப் பாறைமேல் எத்தனையோ முறை ஏறியிருக்கிறது. உண்ணிக்காய்ச்சல் எப்படி வருகிறது என்று சொல்லியிருக்கிறது. சொறி எப்படித் தொற்றுகிறது என்று சொல்லியிருக்கிறது. எல்லாம் சரியான சொற்கள். ஆனால் நீளமான சொற்கள். சொறியைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் காட்டுப்பன்றி தூங்கிவிட்டது. அதனால் அந்தக் குவியல்கள் எல்லாம் கைப்பிடி அளவுதான்.

"உன் பேச்சு நல்லாத்தான் இருக்கு. தூக்கிட்டுப் போகத்தான் முடியல" என்றது மயில்.

உடும்புக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

போன மழைக்காலத்தில் காட்டில் வயிற்று நோய் பரவியது. உடும்பு நோய் வந்தவர்களை எல்லாம் தேடிப் போய்க் கேட்டது. எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள். "கிழக்குச் சுனையிலதான் தண்ணி குடிச்சேன்."

உடும்புக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. வாலை அடித்துக்கொண்டு ஓடிப் பாறைமேல் ஏறியது.

"நோய் கிழக்குச் சுனையில இருந்து வருதுன்னு சந்தேகப்படறேன். ஆனா நோய் வராதவங்களை நான் இன்னும் கேட்கல. அவங்களையும் கேட்டுட்டு முடிவாச் சொல்றேன்" என்றது.

கீழே நின்ற நரி இதைக் கேட்டுக்கொண்டிருந்தது. பாதியைக் கேட்டது, பாதியை விட்டுவிட்டது. அன்றைக்கே காடு முழுக்கப் போய், "நோய் கிழக்குச் சுனையில இருந்து வருது. இது உடும்பு சொன்னது" என்று சொல்லி முதல் கல்லை வைத்தது.

நரி சொன்னதை மயில் சொன்னது. மயில் சொன்னதைப் பன்றி சொன்னது. சின்னச் சொல், வாயில் வைத்தால் வழுக்கிக்கொண்டு போகிற சொல். எல்லோருக்கும் அது பிடித்துப் போனது. மயிலுக்குத் தோகை உதிர்ந்தது. "கிழக்குச் சுனைத் தண்ணி. உடும்பு சொல்லியிருக்கே" என்று ஒரு கல் வைத்தது. பன்றி சண்டையில் தோற்றது. அதற்கும் கிழக்குச் சுனைதான் காரணம், அதற்கும் ஒரு கல். குவியல் முழங்கால் உயரம் ஆனது, இடுப்புயரம் ஆனது, அப்புறம் மான்கள் அண்ணாந்து பார்க்கிற உயரம் ஆனது.

நோய் வராதவர்களைக் கேட்கப் போக வேண்டும் என்று உடும்பு நினைத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் காலையில் எழுந்ததும் குவியலைப் பார்க்கப் போகும். எத்தனை கல் கூடியிருக்கிறது என்று பார்ப்பதற்குள் வெயில் ஏறிவிடும். சரி, நாளைக்குக் கேட்கலாம் என்று படுத்துவிடும். நாளைக்கும் குவியல் இருந்தது.

இதற்குள் அநேகமாக எல்லா மிருகங்களும் கிழக்குச் சுனையை விட்டுவிட்டு, தெற்கே தாமரை மடுவில் தண்ணீர் குடிக்கத் தொடங்கியிருந்தன. நோய் குறையவில்லை. கூடத்தான் செய்தது. ஒரு காட்டெருமை படுத்தது படுத்ததுதான், எழுந்திருக்கவே இல்லை.

"பழைய சுனைத் தண்ணியோட விஷம் இன்னும் உடம்புல நிக்குது. உடும்பு சொன்னது எவ்வளவு சரி பாருங்க" என்று சொல்லி நரி இன்னும் ஒரு கல் வைத்தது.

கோடை வந்தபோது அந்தக் காட்டில் அதுவரை யாருக்கும் இல்லாத உயரத்துக்குக் குவியல் வளர்ந்துவிட்டது. கரடியார் கொட்டாவி விட்டபடி ஓர் அறிவிப்புச் செய்தார். தாமரை மடுவின் கரையில் உடும்புக்குப் பாராட்டு விழா. காட்டில் உள்ள எல்லோரும் வர வேண்டும். விழா நாயகி முதல் வாய்த் தண்ணீர் குடித்து விழாவைத் தொடங்கி வைப்பார். அதன்பிறகு எல்லோரும் அந்த மடுவிலேயே வயிறு நிறையக் குடிக்க வேண்டும். விழா முடிந்ததும் கிழக்குச் சுனையை முள் போட்டு ஒரேயடியாக மூடிவிட வேண்டும்.

விழா நாளன்று உடும்பு செதில் பளபளக்கக் குளித்துவிட்டுக் கிளம்பியது. போகிற வழியில் ஒரு காட்டுக்கோழி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. நல்ல கொழுகொழு கோழி. கண் பளிச்சென்று இருந்தது. காட்டில் பாதிப் பேர் வற்றிப்போய்க் கிடக்கும்போது இது மட்டும் எப்படி இப்படி இருக்கிறது?

பழைய பழக்கம் விடுமா? உடும்பு நின்றுவிட்டது.

"ஏன் கோழி, உனக்கு வயித்து வலியே வரலையா?"

"எனக்கா? மழைக்காலத்துலயும் வரல, இப்பவும் வரல" என்றது கோழி. கோழிக்கு ஒரு குணம், வாய் ஓயாது. ஆனால் அதன் பேச்சை யாரும் நின்று கேட்டதில்லை.

"எங்க தண்ணி குடிக்கிறே?"

"கிழக்குச் சுனையிலதான். ஆரம்பத்துல இருந்து அங்கதான்."

உடும்பின் நாக்கு வெளியே நீட்டியபடி நின்றுவிட்டது. "மழைக்காலத்துலயுமா?"

"மழைக்காலத்துல காடே அங்கதானே குடிச்சுது. நோய் வந்தவங்களும் குடிச்சாங்க, வராதவங்களும் குடிச்சாங்க. நான் குடிச்சேன், முயல் குடிச்சுது, அணில் குடிச்சுது. எங்க யாருக்கும் ஒண்ணும் வரலையே."

"இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"என்னை யாரு கேட்டா?"

உடும்புக்குத் தூக்கிவாரிப்போட்டது. இன்னும் நெருங்கி வந்து கேட்டது. "அப்படின்னா நோய் வந்தவங்க நீ செய்யாத எதையோ செஞ்சிருக்கணும். மழைக்காலத்துல அவங்க வேற எங்க போனாங்க?"

"தாமரைக் கிழங்கு தோண்ட எல்லாரும் மடுவுக்குத்தான் போனாங்க. கழுத்து வரைக்கும் தண்ணியில இறங்கி, வாய் நிறைய மடுத்தண்ணியோட கிழங்கை மென்னாங்க. நான் போகல. தண்ணியில இறங்கிச் சேறு குடிக்க நான் என்ன பன்னியா? முயலும் போகல, அணிலும் போகல."

அவ்வளவுதான். உடும்பின் வால் தானாகவே பட்பட்டென்று தரையில் அடித்தது. கிழங்கு மெல்லும்போது உள்ளே போன தண்ணீரை யாரும் குடித்த கணக்கில் சேர்க்கவில்லை. அதனால்தான் யாரும் சொல்லவில்லை. சுனை அல்ல, மடு. அப்போதும் மடு, இப்போதும் மடு. அத்தனை நாள் தெரியாதது ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. உடும்புக்கு அந்த நொடியில் குதிக்க வேண்டும்போல இருந்தது. எத்தனை கல் வைத்தாலும் வராத சந்தோஷம் அது.

அடுத்த நொடியே அதற்கு விழா நினைவுக்கு வந்தது. காடு முழுக்க இப்போது மடுக்கரையில் நிற்கிறது. தண்ணீர் குடிக்கக் காத்து நிற்கிறது. அதுவும் யார் பெயரைச் சொல்லி?

"கோழி, வா என்கூட" என்று உடும்பு ஓடியது.

"நரியண்ணன்கூட தினமும் விடியறப்ப சுனைக்கு வருவாரு. யார்கிட்டயும் சொல்லாதேன்னாரு. நான் யார்கிட்டயும் சொல்லலப்பா, உங்ககிட்டதான் சொல்றேன்" என்று பின்னாலேயே பேசிக்கொண்டு பறந்தது கோழி.

உடும்பு ஓடிக்கொண்டே திரும்பிப் பார்த்தது. நரியா? இன்னும் வேகமாக ஓடியது.

மடுக்கரையில் தோரணம் கட்டியிருந்தார்கள். தேக்கிலையில் பொன்னாடை தயாராக இருந்தது. நரி ஒரு கல்லின்மேல் ஏறி வரவேற்புரை ஆற்றிக்கொண்டிருந்தது.

"கானகத்தின் கண்மணி, நோய்க்கு எமன், மடுவுக்கு நம்மை அழைத்து வந்த மாதரசி, இதோ வந்துவிட்டார். அனைவரும் எழுந்து நின்று வரவேற்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்."

எல்லோரும் எழுந்தார்கள். முன் வரிசையில் புள்ளிமான் தன் குட்டியோடு நின்றது. அது உடும்புக்குச் சிநேகிதி. குட்டி வெயிலில் வாடிப்போய்த் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது. "கொஞ்சம் பொறு கண்ணு, உடும்புப் பெரியம்மா குடிச்சதும் நாம குடிக்கலாம்" என்று மான் அதைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தது.

உடும்பு மூச்சு வாங்க வந்து நின்றது. "யாரும் குடிக்காதீங்க. நோய் இந்த மடுவுலதான் இருக்கு. கிழக்குச் சுனையில ஒண்ணும் இல்ல."

கூட்டம் சலசலத்தது. கரடியார் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"அது எப்படி? நோய் கிழக்குச் சுனையில இருந்து வருதுன்னு உடும்பு சொல்லியிருக்கே."

"தலைவரே, நான்தான் அந்த உடும்பு."

"நீதான் உடும்பு. நான் இல்லேன்னு சொல்லல. ஆனா அந்தச் சொல்லுக்கு எவ்வளவு பெரிய குவியல் இருக்கு. நீ இப்ப சொல்ற சொல்லுக்கு ஒரு கல்லாவது இருக்கா?"

"இப்பத்தானே சொல்றேன், எப்படிக் கல் இருக்கும்? அதையும் நான்தான் சொன்னேன். இப்ப நானே தப்புன்னு சொல்றேன்."

பன்றிக்குக் கோபம் வந்துவிட்டது. "உடும்பு சொன்னதைத் தப்புன்னு சொல்ல நீ யாரு?" என்று உடும்பைப் பார்த்தே கேட்டது.

"ஆமாம், எங்க உடும்பைப் பத்தி இப்படிப் பேசலாமா?" என்றது மயில்.

உடும்புக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. தன் பெயரில் வளர்ந்த குவியலோடு தானே மல்லுக்கு நின்று தோற்றுக்கொண்டிருந்தது.

நரி குழைந்தபடி முன்னால் வந்தது. "அக்காவுக்கு அடக்கம் அதிகம். புகழ்ந்தா கூச்சப்படறாங்க. விழா நாயகி கூச்சப்பட்டா தலைவரே முதல் வாய் குடிச்சுத் தொடங்கி வைக்கலாம்."

"அதுவும் சரிதான்" என்று கரடியார் தாமரையிலைத் தொன்னையில் தண்ணீரை மொண்டார். மான்குட்டி ஓரடி முன்னால் வைத்தது.

இனி வாதம் செய்தால் ஆகாது என்று உடும்புக்குப் புரிந்துவிட்டது. கல் இருந்தால்தானே இவர்களுக்குக் காது கேட்கும்? சட்டென்று முகத்தை மாற்றிக்கொண்டு போய், தேக்கிலைப் பொன்னாடைக்குக் கழுத்தை நீட்டியது.

"மன்னிச்சுக்கங்க தலைவரே. ஓடி வந்த களைப்புல ஏதோ பேசிட்டேன். விழா நல்லபடியா நடக்கட்டும். எனக்கு ஒரே ஒரு ஆசை."

"சொல்லும்மா" என்றார் கரடியார்.

"அந்தக் குவியலுக்கு முதல் கல் வச்சது நரியண்ணன். ரொம்பக் கல் வச்சதும் அவர்தான். அவர் இல்லேன்னா என் சொல்லு பாறையை விட்டு இறங்கியிருக்காது. அதனால முதல் வாய்த் தண்ணி அவர்தான் குடிக்கணும்."

கூட்டம் கைதட்டியது. "நியாயம், நியாயம்" என்றது பன்றி. கரடியார் தொன்னையை நரியின் வாயருகே நீட்டினார்.

நரியின் வால் தொங்கிப்போனது. "ஐயோ, எனக்கெதுக்கு இவ்வளவு பெரிய மரியாதை? அக்காவே குடிக்கட்டும்."

"உங்களுக்கு இல்லாத மரியாதையா? குடிங்கண்ணே" என்றது உடும்பு.

"குடிப்பேன். ஆனா இன்னிக்கு எனக்கு விரதம். தண்ணிகூடத் தொட மாட்டேன்."

கிளைமேல் உட்கார்ந்திருந்த கோழி அதுவரை எப்படித்தான் வாயை மூடிக்கொண்டிருந்ததோ தெரியவில்லை. அதற்குமேல் முடியவில்லை.

"விரதமா? விடியக்காலையிலதானே சுனையில என் பக்கத்துல நின்னு வயிறு முட்டக் குடிச்சீங்க?"

கரடியாருக்கு முதல் தடவையாகத் தூக்கம் முழுசாகக் கலைந்தது. "எந்தச் சுனையில?"

"கிழக்குச் சுனையிலதான். இன்னிக்கு மட்டுமா? மழைக்காலம் முடிஞ்சதுல இருந்து தினமும் வர்றாரே. அங்க கூட்டம் வராததால தண்ணி கலங்காம இருக்குதுன்னு அவரே சொல்வாரு."

எல்லோரும் நரியைப் பார்த்தார்கள். காட்டில் பாதிப் பேர் எலும்பும் தோலுமாக நின்றார்கள். நரி மட்டும் தொப்பையோடு நின்றது. இதுவரை அது யார் கண்ணிலும் படவில்லை.

கரடியார் தொன்னையை நரியின் மூக்குக்கு நேரே பிடித்தார். "குடி."

நரி ஓரடி பின்னால் போனது.

"இந்தத் தண்ணியில நோய் இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"எனக்கு எதுவும் தெரியாது தலைவரே. இங்க குடிச்சவங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டாங்க. நான் அங்க குடிச்சேன், நல்லா இருந்தேன். அவ்வளவுதான் தெரியும்."

"அதை ஏன் சொல்லல?"

"சொன்னா எல்லாரும் அங்க வந்துடுவீங்களே" என்றது நரி. சொல்லிவிட்டு, சொன்னது என்னவென்று அதற்கே புரிந்ததும், தோரணத்தை அறுத்துக்கொண்டு புதருக்குள் பாய்ந்து ஓடிவிட்டது.

தொன்னைத் தண்ணீரைக் கரடியார் தரையில் கொட்டினார். புள்ளிமான் தன் குட்டியை மடுவிலிருந்து முட்டித் தள்ளி அந்தப் பக்கம் கொண்டுபோனது.

"வயித்து வலி வராதவங்க எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க" என்று உடும்பு கூப்பிட்டது. முயல் வந்தது, அணில் வந்தது, கிளையிலிருந்து கோழி இறங்கியது. "நீங்க எங்க குடிக்கிறீங்க?" என்று ஒவ்வொருவராகக் கேட்டது. எல்லோரும் கிழக்குச் சுனை என்றார்கள். வலி வந்தவர்களையும் கேட்டது. எல்லோரும் மடு என்றார்கள். உடும்பின் வால் பட்பட்டென்று அடித்துக்கொண்டே இருந்தது.

"மடுவுல அப்படி என்னதான் இருக்கு?" என்று கேட்டது பன்றி.

"எனக்குத் தெரியாது. அதையும் ஒருநாள் கண்டுபிடிப்பேன். ஆனா இங்க குடிச்சவங்களுக்கு வருது, குடிக்காதவங்களுக்கு வரல. குடிக்காம இருக்க அது போதும்."

எல்லோரும் தட்டைப் பாறைக்குத் திரும்பினார்கள். உடும்பு பாறைமேல் ஏறவில்லை. தன் குவியலுக்கு முன்னால் போய் நின்றது.

"அன்னிக்கு நான் சொன்னது பாதி வேலை. மீதியைச் செய்யறேன்னு சொன்னேன், செய்யல. இதைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்துட்டேன்" என்றது.

பிறகு வாலை ஓங்கி ஓர் அடி அடித்தது. குவியல் சரிந்தது. கற்கள் சடசடவென்று நாலாபக்கமும் உருண்டன. உடும்புக்கு வலிக்காமல் இல்லை. ஒவ்வொரு கல்லும் அதற்கு முகம் தெரிந்த கல். இருந்தாலும் கடைசிக் கல் உருண்டு நின்றபோது அதற்கு உடம்பு லேசாகிவிட்டது. பாறைமேல் தாவி ஏறி, நோய் மடுவில் இருக்கிறது, சுனையில் இல்லை என்று அதன் நீளமான பாணியிலேயே முழுசாகச் சொல்லி முடித்தது. இந்தத் தடவை பன்றி தூங்கவில்லை.

கரடியாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இருப்பதிலேயே பெரிய கல்லாகப் பார்த்துத் தூக்கினார்.

"கிழக்குச் சுனைத் தண்ணி நல்ல தண்ணி. இது உடும்பு சொன்னது" என்று வைக்கப் போனார்.

உடும்பு இறங்கி ஓடிவந்து அவர் கையைப் பிடித்தது. உடும்புப் பிடி என்றால் சும்மாவா? கை அப்படியே நின்றது.

"தலைவரே, அந்தச் சுனையை நீங்க போய்ப் பார்த்தீங்களா?"

"இல்லையே. அதான் நீ சொல்லிட்டியே."

"போன தடவையும் நான்தான் சொன்னேன்."

கரடியார் கல்லையும் கிழக்குத் திசையையும் மாறி மாறிப் பார்த்தார். யோசித்தார். ஆச்சரியம், தூக்கம் வரவில்லை. கல்லை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிழக்கே நடக்கத் தொடங்கினார். காடு முழுக்க அவர் பின்னால் நடந்தது.

நீதி: எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ணாதே, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கேள்.